இருநாழி நெல்லும் தாயின் பசியும்

காஞ்சிபுரத்துக் காமாட்சிக்கு அறம்வளர்த்த நாயகி என்றும் பெயர். கம்பை ஆற்றங்கரையில், மாமரத்தடியில், மணலைப் பிடித்து லிங்கமாக்கித் தவமிருந்தவளுக்கு ஏகம்பநாதர் இருநாழி நெல் அளந்து தந்தார் என்றும், அதைக் கொண்டு அவள் 32 அறங்களை நடத்தினாள் என்றும் ஊர் சொல்கிறது. சேக்கிழாரும் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்தில், காஞ்சியின் பெருமை பேசும் இடத்தில், இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அந்த 32 எவை என்பதில் நூலுக்கு நூல் சின்னச் சின்ன வேறுபாடு உண்டு. ஆனாலும் ஆதுலர் சாலை, சிறைச்சோறு, பசுவுக்கு வாயுறை, தண்ணீர்ப்பந்தல், கண்மருந்து, தலைக்கு எண்ணெய், வண்ணார், நாவிதர், அநாதைப் பிணம் சுடுதல் என்று போகும் வரிசையின் நடுவே மூன்று அறங்கள் அடுத்தடுத்து வருகின்றன: மகப்பெறுவித்தல், மகவு வளர்த்தல், மகப்பால் வார்த்தல். பிள்ளைப்பேறு பார்ப்பது, பிள்ளையை வளர்ப்பது, பிள்ளைக்குப் பால் கொடுப்பது. இவை எந்த வரிசையில் நிற்கின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. கைதிக்குச் சோறும் வழிப்போக்கனுக்குத் தண்ணீரும் போல, ஒருவர் தனியாகச் செய்துகொள்ள முடியாததால் ஊர் பொறுப்பேற்க வேண்டிய காரியங்களோடு குழந்தையின் பாலும் வைக்கப்பட்டிருக்கிறது. இன்று நாம் தாய்ப்பாலைப் பற்றிப் பேசும் விதம் இதற்கு நேர் எதிரானது. பால் என்பது தாயின் தியாகம், தாய்மையின் சொத்து, அவளுக்கும் குழந்தைக்கும் நடுவே நடப்பது. மற்றவர்களுக்கு அதில் வேலை, கைகூப்பி வணங்குவது மட்டும். இந்த வணக்கம் தாயைப் பசியில் விட்டுவிடுகிறது என்பதும், காஞ்சியின் பழைய கதை இதைவிட நேர்மையானது என்பதும் என் வாதம்.

இதே ஊருக்கு இன்னொரு அன்னக்கதையும் உண்டு. வற்கடத்தில் காஞ்சி வாடியபோது மணிமேகலை அமுதசுரபியோடு வந்து சேர்ந்து, பசித்தவர்களுக்கெல்லாம் சோறிட்டாள். அந்தப் பாத்திரம் எடுக்க எடுக்கக் குறையாதது. காமாட்சியின் கையில் இருந்ததோ அளந்து கொடுத்த நெல். ஒரே ஊரில் அறத்துக்கு இரண்டு உருவகங்கள் இருக்கின்றன: ஒன்று வற்றாதது, மற்றது அளவுள்ளது. பாலூட்டும் பெண்ணை நாம் அமுதசுரபியாக நினைக்கிறோம். உண்மையில் அவள் இருநாழி நெல். அவளிடமிருந்து வெளியே போவது எதுவோ அது முன்பே உள்ளே வந்திருக்க வேண்டும், யாரோ அளந்து கொடுத்திருக்க வேண்டும். சொல்லப்போனால் மணிமேகலையைப் பாடிய சாத்தனாரின் அமுதசுரபியே முதலில் சும்மா சுரக்கவில்லை. ஆதிரை என்ற குடும்பப் பெண் தன் வீட்டு வாசலில் முதல் பிச்சையை இட்ட பிறகுதான் அது வற்றாத பாத்திரமாக வேலை செய்யத் தொடங்கியது. அதிசயத்துக்கும் முதல் பிடி சோறு வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது.

தாயை வற்றாதவளாகக் கருதும் பழக்கம் எங்கிருந்து வந்தது? பக்தி இலக்கியத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். நேரம் அறிந்து, கேட்காமலே பால் தரும் தாயோடு இறைவனை ஒப்பிட்டார் மாணிக்கவாசகர். சீர்காழிக் குளக்கரையில் அழுத மூன்று வயதுப் பிள்ளைக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் கொடுத்தாள். மதுரைத் திருவிளையாடலிலோ தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சிவன் தாய்ப்பன்றியாகி முலை கொடுத்தான். இவை எல்லாவற்றிலும் பாடுகிறவன் குழந்தையின் இடத்தில் நிற்கிறான். பக்தனுக்கு அது பொருத்தமான இடம்தான். கடவுள் குறையாதவர், அதனால் அவர் தரும் பாலும் குறையாது. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. மனிதத் தாயிடமிருந்து கடவுளுக்குக் கடனாகப் போன உவமை, திரும்பி வரும்போது கடவுளின் குறையாமையையும் கூட்டிக்கொண்டு வந்து, ஈன்று இருபது நாளே ஆன ஒரு பெண்ணின் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வடகலையார் தம் ஆசாரியராகப் போற்றும் வேதாந்த தேசிகர் பிறந்த தூப்புல் காஞ்சியில்தான் இருக்கிறது. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறதா, பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகிறதா என்று அருளைப் பற்றி வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். அந்தக் குரங்கும் பூனையும் அன்றைக்கு என்ன சாப்பிட்டன என்று இரண்டு கலையிலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மனிதத் தாயிடம் அதைக் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அவள் கணக்குக்கு உட்பட்டவள். முழுக்கத் தாய்ப்பாலில் வளரும் குழந்தை ஒரு நாளைக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் குடிக்கிறது. அந்தப் பாலில் மட்டும் 500 கலோரி இருக்கும். அதை உண்டாக்குவதற்கு உடல் செலவழிப்பது தனி. அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அளவுகளில், பாலூட்டும் பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்குக் கூடுதலாக 600 கலோரி, அடுத்த ஆறு மாதம் 520 கலோரி என்று வைத்திருக்கிறார்கள். புரதம், கால்சியம் ஆகியவற்றின் அளவுகளும் அதற்கேற்பக் கூடுகின்றன. 600 கலோரியை அரிசியாக மாற்றினால் நாளைக்கு 170 கிராம். ஆறு மாதத்துக்கு 30 கிலோ. அரிசியை மட்டும் தின்று பால் கொடுக்கச் சொல்லவில்லை, அளவு புரியட்டும் என்பதற்காகச் சொன்னது. வீட்டுக்கு வழக்கமாக வாங்கும் அரிசிக்கு மேல், ஒரு 25 கிலோ சிப்பமும் இன்னும் ஐந்து கிலோவும் அந்தக் குழந்தையின் பெயரில் வந்து இறங்கியிருக்க வேண்டும். நம் வீடுகளில் எத்தனை பேர் அப்படிக் கணக்குப் போட்டு வாங்குகிறோம்?

புனிதமான ஒன்றைக் கலோரியாகவும் கிலோவாகவும் எண்ணுவது அதைக் கொச்சைப்படுத்தாதா என்று கேட்கலாம். இந்தப் பகுதியின் கோயில் கல்வெட்டுகள் அதற்குப் பதில் வைத்திருக்கின்றன. காஞ்சிபுரத்திலிருந்து அதிக தூரமில்லாத திருமுக்கூடலில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில், ஒரு பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு கோயிலைச் சேர்ந்த ஆதுலர் சாலை ஒன்றின் விவரத்தைத் தருகிறது. 15 படுக்கைகள், ஒரு வைத்தியர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், ஒரு நாவிதர். அவரவர்க்கு எவ்வளவு நெல், எந்த மருந்து எவ்வளவு இருப்பில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. அதை வெட்டியவர்கள் அறத்தை அளந்தால் அதன் தூய்மை கெடும் என்று நினைக்கவில்லை. அளக்காத அறம் அடுத்த ஆண்டு நடக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இருநாழி என்று கதை அளவு சொல்வதும் இந்த மனநிலையிலிருந்து வந்ததுதான்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று அறிவியல் பக்கத்திலிருந்தே வருகிறது. ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டின் கெனெபா என்னும் கிராமத்தில், 1980களில், பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அரைவயிறு உண்ட தாய்மார்களுக்குப் பாலூட்டும் காலத்தில் நாள்தோறும் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். பாலின் அளவு கூடவில்லை. முன்பு எவ்வளவு சுரந்ததோ ஏறத்தாழ அவ்வளவே சுரந்தது. மிகக் கடுமையான பட்டினியைத் தவிர்த்தால், குறைவாகச் சாப்பிடும் பெண்ணுக்கும் குழந்தைக்கு வேண்டிய பால் பெரும்பாலும் சுரக்கவே செய்கிறது என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. அப்படியானால் தாய்க்குக் கூடுதலாக ஊட்டுவானேன்? இயற்கையே அவளை அமுதசுரபியாகத்தானே படைத்திருக்கிறது?

இந்தக் கேள்வியை விட்டு நகரக் கூடாது, ஏனென்றால் முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. பால் குறையவில்லை என்றால் அந்தச் செலவு எங்கிருந்தோ வந்திருக்கிறது. கால்சியத்தை எடுத்துக்கொள்வோம். தாய் என்ன தின்றாலும் பாலில் அதன் அளவு பெரிதாக மாறுவதில்லை; அதற்காகப் பாலூட்டும் மாதங்களில் அவள் எலும்பின் தாதுச்சத்தில் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பங்குவரை கரைகிறது. பால் மறக்கடித்த பிறகு பெரும்பாலோருக்கு அது திரும்பி வந்துவிடும். ஆனால் அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று, இடையில் ஒழுங்காகச் சாப்பிட வழியில்லாதவள் அந்த மீட்சியை எதைக் கொண்டு நடத்துவாள்? இரும்பும் ஃபோலேட்டும் இப்படித்தான், தாயின் இருப்பு எப்படி இருந்தாலும் பாலில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. அவர்கள் பிரசவ மேசைக்கே கடனோடுதான் வருகிறார்கள். கெனெபாவில் கூடுதல் உணவு பாலாக மாறவில்லை என்றால் அது தாயின் உடம்புக்குப் போனது என்று பொருள். அதை வீண் என்று எழுதுகிறவர், தாயின் உடம்பு குழந்தைக்குப் போகும் குழாய் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவர்.

இவ்விஷயத்தில் நம் நல்லெண்ணப் பிரசாரமும் குற்றவாளிதான். ‘தாய் நன்றாகச் சாப்பிட்டால்தான் பிள்ளைக்குப் பால்’ என்று சொல்லித்தான் வீடுகளில் இரண்டு முட்டையோ ஒரு டம்ளர் பாலோ அவளுக்கு வாங்கித் தருகிறோம். அந்த வாக்கியத்தில் அவளுக்கு உரிமை எதுவும் இல்லை. பிள்ளையின் உரிமைக்கு அவள் இடைத்தரகர். கெனெபா ஆய்வு அந்த வாக்கியத்தின் காலை வாரிவிடுகிறது. அதன் பிறகு நமக்கு எஞ்சுவது எளிய காரணம் ஒன்றுதான்: அவளுக்குப் பசிக்கிறது, அதனால் அவள் சாப்பிட வேண்டும். மணிமேகலைக் காப்பியம் பசியைப் பிணி என்று கண்டது. பிணிக்கு மருந்து கொடுக்கும்போது, குணமானதும் இவர் யாருக்குப் பயன்படுவார் என்று விசாரிப்பதில்லை. 32 அறங்களின் பட்டியலிலும் இந்த இடம் ஓட்டையாகத்தான் இருக்கிறது. பேறு பார்க்கச் சொல்கிறது, பிள்ளையை வளர்க்கச் சொல்கிறது, பிள்ளைக்குப் பால் வார்க்கச் சொல்கிறது. பெற்றவளுக்குச் சோறு என்று தனியாக ஓர் அறம் இல்லை. பட்டியலை மதிப்பதால்தான் இந்தக் குறையைச் சொல்கிறேன். குறையை அடைக்க மரபிலேயே ஆள் இருக்கிறார். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையில், காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுபோன தாயின் உருவில் இறைவன் வந்து, தலைப்பிள்ளை பெறும் செட்டிப்பெண்ணுக்குப் பேறு பார்த்தார். அங்கே கடவுள் பிறந்த பிள்ளையின் தாயாக வரவில்லை, பெற்றவளின் தாயாக வந்தார். பால் கொடுப்பவளுக்கும் ஒரு தாய் வேண்டும் என்று அந்தத் தலம் சொல்வதை நாம் சுகப்பிரசவ வேண்டுதலோடு, வாழைத்தார் காணிக்கையோடு முடித்துக்கொண்டோம்.

தாய் உண்பதும் குழந்தைக்குச் சேர்வதும் பிரிக்க முடியாதபடி இணைந்திருக்கும் இடங்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்வதுதான் முறை. பி1, பி12, ஏ போன்ற வைட்டமின்களும் அயோடினும் தாயின் உணவில் குறைந்தால் பாலிலும் குறைகின்றன. இவற்றில் பி12 கோயில் நகரங்களில் சமயப் பிரச்சினையாகவும் ஆகிறது. இந்தச் சத்து இயல்பாக விலங்குணவில்தான் உண்டு. சைவ உணவுக்காரருக்குப் பாலும் தயிரும்தான் வழி. பசும்பால் காப்பிக்கு மட்டும், மோர் தண்ணீராக, என்று ஓடும் வீடுகளில் தாய்க்குத் தெரியாமலே பி12 வற்றுகிறது. அவள் பாலை மட்டுமே குடித்து, பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளை, அரை வயதுக்கு மேல் சிரிப்பை மறக்கும், நின்ற தலை மறுபடி தொங்கும், கைவிரல் முட்டிகள் கறுக்கும், சிலவற்றுக்குக் கைகால் நடுக்கமும் வரும். இந்தியக் குழந்தை மருத்துவர்களுக்கு இது பழகிய நோய். ஊசி போட்டால் நடுக்கம் போய்விடும்; இழந்த மூளை வளர்ச்சி முழுவதும் திரும்பும் என்று சொல்ல முடியாது. இதைச் சொன்னால் புலால் மறுத்தலைத் தாக்குகிறீர்களா என்ற கேள்வி வரும். இல்லை. மாத்திரையில் வரும் பி12 நுண்ணுயிர்களைக் கொண்டு தயாராவது. அதை விழுங்குவதால் எந்த விரதமும் கெடாது. கொல்லாமையின் பொருள் ஆட்டோடும் கோழியோடும் நின்றுவிட்டு, மடியில் கிடக்கும் உயிரின் நரம்புக்கு வராமல் போனால், அந்தக் கொள்கையைக் கடைப்பிடிப்பவர்களே அதைச் சுருக்கிவிட்டார்கள் என்றுதான் சொல்வேன்.

விரதம் பற்றிய மறுப்பு இன்னும் நுட்பமானது. உண்ணாமல் இருப்பது பெண்ணின் ஆன்மிக உரிமை, வெள்ளிக்கிழமை ஒருபொழுதும் ஆடி மாதத்து நோன்பும் அவளாகத் தேர்ந்துகொண்டவை, அவற்றில் ஊட்டச்சத்துக்காரர் தலையிடலாமா என்பது வாதம். தேர்ந்துகொண்ட விரதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தேர்வு என்றால் எதிரே உணவு இருக்க வேண்டும். தட்டில் சோறு இருந்து, கை நீட்டலாம் என்ற நிலை இருந்து, அதை விலக்கினால் அது துறவு. மாமனாரும் கணவனும் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்த பிறகு குண்டானின் அடியில் கிடப்பதை வழித்துச் சாப்பிடுவது துறவு ஆகாது. இல்லாததைத் துறக்க முடியாது. நம் வீடுகளில் தாய்மாரின் தியாகம் என்று போற்றப்படுவதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை. பிரசவப் பத்தியமும் இப்படிக் கலந்து கிடக்கிறது. பூண்டும் முருங்கைக்கீரையும் பால்சுறாப் புட்டும் தேடிக் கொடுக்கும் அதே பத்தியம், தண்ணீரை அளந்து கொடுக்கிறது, பழத்தைக் குளிர்ச்சி என்று தள்ளுகிறது. முதல் பாதியில் அன்பு இருக்கிறது. இரண்டாம் பாதியை விட்டுவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. மற்ற மரபுகளையும் இங்கே பார்க்கலாம். பிள்ளைக்கு இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பேசும் திருக்குர்ஆன் (2:233) அதே வசனத்தில் தாயின் உணவையும் உடையையும் தகப்பன் பொறுப்பில் வைக்கிறது, பிள்ளையை முன்னிட்டுத் தாய்க்குத் தீங்கு நேரக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. பாலூட்டுகிறவள் ரமலான் நோன்பைத் தள்ளிவைக்க இஸ்லாமியச் சட்டம் இடம் கொடுக்கிறது. பாலையும் நெல்லையும் ஒரே மூச்சில் பேசியது ஏகம்பநாதர் கதை மட்டுமன்று.

குழந்தை வளர்ந்து ஆறு மாதம் ஆனதும் கணக்கு வேறாகிறது. அன்னப்பிராசனத்தைக் கிருகிய சூத்திரங்கள் ஆறாம் மாதத்தில் வைத்தன. உலக சுகாதார நிறுவனம் 2001வரை நான்கிலிருந்து ஆறு மாதம் என்று சொல்லிவந்து, அந்த ஆண்டில்தான் ஆறு மாதம் முழுக்கத் தாய்ப்பால், அதன் பிறகு இணை உணவு, இரண்டு வயதும் அதற்கு மேலும் பால் என்று உறுதி செய்தது. இரண்டும் பொருந்துவதைப் பார்த்து முன்னோரின் மருத்துவ ஞானம் என்று மார்தட்ட வேண்டாம். சடங்கு ஒருநாளோடு முடிகிறது, சோறு நாள்தோறும் வேண்டும். பிறக்கும்போது பிள்ளை கொண்டுவந்த இரும்பு இருப்பு ஏறத்தாழ ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு, தாய் இரும்பு மாத்திரை விழுங்கினாலும் பாலில் அது கூடாது. ஆகவே எட்டு மாதப் பிள்ளைக்கு நாளைக்கு இரண்டு மூன்று வேளையும், ஒன்பது மாதத்துக்குப் பிறகு மூன்று நான்கு வேளையும் பருப்பு, கீரை, முட்டை, மீன் என்று எதையாவது சேர்த்து மசித்துக் கொடுக்க வேண்டும். நாம் கொடுப்பது பெரும்பாலும் ரசம் சாதத்துத் தெளிவு. தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள பிள்ளைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்ற அதே குடும்பநல ஆய்வின் கணக்கில் இந்தத் தெளிவு ரசம் நிறையக் கலந்திருக்கிறது. வரதராசப் பெருமாளுக்கு மூங்கில் குடலையில் மந்தார இலை வைத்து வேகவைத்த இட்லியைப் படைக்கும் ஊர் இது. அரிசியும் உளுந்தும் ஒன்றின் குறையை ஒன்று தீர்க்கும் என்பது பெருமாளுக்குத் தளிகை செய்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்; ஆனால் மிளகும் சுக்கும் போடாத சாதா இட்லி நெய்யோடு பிசைந்தால் பிள்ளைக்கு வெறுஞ்சோற்றைவிட நல்ல தொடக்கம்.

இந்த வயதில் உணவு மட்டும் போதாது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் சாலி கிராந்தம்-மெக்ரிகரும் உடன் ஆய்ந்தவர்களும் ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை இருந்த, வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு வாரந்தோறும் பால்மாவு, சிலருக்கு வாரத்துக்கு ஒரு முறை தாயோடு விளையாடக் கற்றுக்கொடுக்கும் வருகை, சிலருக்கு இரண்டும். 1991இல் வெளியான முடிவு இரண்டுமே அறிவு வளர்ச்சியைக் கூட்டின என்றது. பிள்ளைகள் பெரியவர்களான பிறகு பார்த்தபோது, விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பாத்தியத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. விளையாட்டு என்றால் தாயின் நேரம். காஞ்சிபுரத்துத் தறிவீட்டில் நேரத்துக்கு விலை உண்டு. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் கோர்க்கும் கோர்வைச் சேலைக்கு, நெய்பவர் அருகில் நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். பல வீடுகளில் அது மனைவி. தார் சுற்றுவதும் அவள். கூலி சேலைக்கு இவ்வளவு என்று ஒரு பெயரில் வருகிறது. பிள்ளைக்குச் சோறூட்ட அவள் அரைமணி எழுந்தால் கோர்வை அரைமணி நிற்கிறது. தூளியில் கிடக்கும் பிள்ளையைக் காலால் ஆட்டிக்கொண்டே நாடா தள்ளுபவளிடம், பிள்ளையின் முகம் பார்த்துப் பேசி ஊட்டுங்கள் என்று சுவரொட்டி ஒட்டுவது எளிது. அலுவலகப் பெண்ணுக்கு 2017க்குப் பிறகு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. தறிக்குழியில் இருப்பவளுக்கு விடுப்பு தர முதலாளி யார் என்பதே தெளிவில்லை.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது. இதெல்லாம் அரசு ஏற்கெனவே செய்வதுதானே, முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987 முதல் மகப்பேறு நிதி இருக்கிறது, இப்போது 18,000 ரூபாய் மதிப்பு, அங்கன்வாடியில் சத்துமாவு, 2015 முதல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை. தமிழ்நாடு மற்ற மாநிலங்களைவிட எவ்வளவோ முன்னால் இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. 2022இல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை மெலிந்திருந்தால் ஊட்டச்சத்துப் பெட்டகம் தாயின் கைக்குப் போகிறது. சரியான இடத்தில் நெல் அளக்கும் வேலை அது. ஆனால் சட்டங்களின் எல்லைக்கோடுகளைப் பார்த்தால் பழைய இடைத்தரகர் எண்ணம் அப்படியே தெரிகிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிக்கும், குழந்தை பிறந்து ஆறு மாதம்வரை பாலூட்டும் தாய்க்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு என்கிறது. ஏன் ஆறு மாதம்? அதுவரை குழந்தைக்கு வேறு உணவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. பிள்ளை சோறு தின்னத் தொடங்கிய அன்று தாயின் பங்கு நிற்கிறது. ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம்வரை பிள்ளைக்கு வேண்டிய ஆற்றலில் பாதி அல்லது அதற்கு மேல் பாலிலிருந்துதான் வருகிறது, இரண்டாம் ஆண்டிலும் மூன்றில் ஒரு பங்கு. அரசின் சொந்த ஊட்டச்சத்து நிறுவனமே அந்த இரண்டாவது அரையாண்டுக்கு 520 கலோரி கேட்கிறது. மகப்பேறு நிதியின் கடைசித் தவணையும் ஒன்பதாம் மாதத்தோடு முடிகிறது, அதுவும் முதல் இரண்டு பேறுகளுக்கு மட்டும். மக்கள்தொகைக் கொள்கைக்கு அந்த விதி பொருந்தலாம். மூன்றாம் பிள்ளை குடிப்பதும் அதே முக்கால் லிட்டர்தான், அதைக் கொடுப்பவள் முன்னிரண்டு பேறுகளில் எலும்பையும் இரும்பையும் ஏற்கெனவே செலவழித்தவள். இந்தத் திட்டங்களில் திருத்த வேண்டியது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, சில எண்கள்: ஆறு மாதம் என்ற இடத்தில் 24 மாதம், இரண்டு பேறு என்ற இடத்தில் எல்லாப் பேறும். கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் தம் நலத்திட்டங்களில், கோர்வைக்கு உட்காரும் பெண்ணைத் தனி நெசவாளியாகப் பதிந்து, பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்வரை நிற்கும் தறிநேரத்துக்கு ஒரு தொகை ஒதுக்கலாம். அதற்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கைப் போட, எத்தனை தறிகளில் எத்தனை கைக்குழந்தைகள் என்ற எண்ணிக்கை முதலில் வேண்டும்.